பேருக்கு ஒரு நாற்காலி

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2020 ஆகஸ்ட் 20 அன்று ஆத்துப்பாக்கத்தில் தேசியக் கொடி ஏற்றினார்கள். இந்தக் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்திலேயே இருக்கிற ஊர். உங்களில் சிலர் அந்த ஊர்க்காரர்களாகவே இருக்கலாம். சுதந்திர தினம் போய் ஐந்து நாள் ஆன பிறகு எதற்குக் கொடி? ஊராட்சித் தலைவர் அமிர்தம் அம்மாள் ஏற்றுவதற்காக. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவருக்கு முதலில் அழைப்பு வந்தது. பிறகு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். விஷயம் வெளியே வந்தது, வழக்கு பதிவானது, மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் ஊருக்கே வந்து பக்கத்தில் நிற்க, அவர் கொடியேற்றினார்.

படம் பத்திரிகைகளில் வந்தது. அதிகாரிகள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் பேச வந்தது அந்தப் படத்துக்கு முந்தைய ஏழு மாதத்தைப் பற்றி. 2019 டிசம்பர் கடைசியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6 அன்று புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். இருபது நாளில் குடியரசு தினம். அன்றைக்கும் தன்னைக் கொடியேற்ற விடவில்லை என்று அமிர்தம் அம்மாள் பின்னால் சொன்னார். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த ஊராட்சிக்குச் சட்டப்படி ஒரு தலைவர் இருந்தார். அரசாங்கக் கணக்கில் அது சமூகநீதி நிறைவேறிய ஊர். பட்டியல் சாதி, பெண், தலைவர் என்று மூன்று கட்டத்திலும் டிக் விழுந்தாயிற்று. கொடிக்கயிறு மட்டும் வேறு கையில் இருந்தது.

இன்றைய பேச்சின் பொருள் இதுதான். ஒரு ஆளை உள்ளே விடுவார்கள். விட்டதை ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். உள்ளே எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். பேருக்கு ஒருவர். இதை ஒரு நல்ல தொடக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முன்பு ஒருவரும் இல்லை, இப்போது ஒருவர் வந்திருக்கிறார், நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள், பொறுமை வேண்டும் என்பார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே போய் விழுவார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது எப்படிப் பாகுபாடோ, அதே அளவுக்கு இதுவும் பாகுபாடு என்பது என் வாதம். வாசலில் தடுத்தாலாவது புகார் எழுதலாம். இதில் புகாரை எப்படித் தொடங்குவது? ‘என்னைத் தலைவராக்கிவிட்டார்கள், நடவடிக்கை எடுங்கள்’ என்றா?

ஊராட்சிக்குள் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற இடங்களிலும் இதே இயந்திரம்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கண் பார்த்தால் முறைகேடு குறையும் என்று வைத்த ஏற்பாடு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களுடைய ஆள்தான் பெரும்பாலும் அங்கே வந்து உட்காருவார். அப்புறம் என்ன? மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும். தெருவிளக்கு பல்பு வராது. தூய்மைப் பணியாளர் சம்பளம் தள்ளிப்போகும். தீர்மானப் புத்தகம் ஊராட்சிச் செயலர் கையில், செயலர் ஊர்ப் பெரியவர் பேச்சில். தண்ணீர் வராத தெருவில் இருக்கிறவர் யாரைத் திட்டுவார்? துணைத் தலைவரையா? ‘அந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலப்பா, டம்மி’ என்பார். ஐந்து வருஷம் கழித்து அதே வாய், ‘ரிசர்வேஷன்ல வந்தா இப்படித்தான்’ என்று சொல்லும்.

இதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஒருவரைப் பதவியில் உட்கார வைத்து, வேலை செய்ய முடியாமல் கட்டிப்போட்டு, அவர் வேலை செய்யவில்லை என்பதையே அவருடைய சமூகத்துக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்துகிறார்கள். வெளியே நிறுத்தி வைத்திருந்த காலத்தில் ‘அவர்களுக்குத் திறமை இல்லை’ என்பது வெறும் வசவு. இப்போது அதற்கு ஆதாரமும் தயாராகிவிடுகிறது.

ஆத்துப்பாக்கம் தனிக்கதை இல்லை. அதே 2020-இல், அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். 2022-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 20 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர்களால் கொடியேற்ற முடியவில்லை என்று அறிக்கை வந்தது. அந்த ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார், சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று. நல்ல கடிதம். ஆனால் ஒரு அலுவலகத்தின் தலைவர் தன் அலுவலகத்தில் கொடியேற்ற மாநிலத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்றால், தேர்தல் ஆணையம் கொடுத்த வெற்றிச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னும் பின்னால் போனால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மதுரை மாவட்டத்து ஊர்கள். 1996-இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் தேர்தலே நடத்த முடியவில்லை. அல்லது நடக்கும், ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயிப்பார், உடனே ராஜினாமா செய்வார், மறுபடி காலி. பேருக்கு ஒருவர் என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் நடத்திக் காட்டியதில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அப்போது ஆட்சியர் உதயச்சந்திரன். பேருக்கு இருக்க மறுத்தவருக்கு என்ன ஆனது என்பதற்கு மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஆகவே ‘அவர்கள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை, ஏன் டம்மியாக இருக்க ஒப்புக்கொண்டார்கள்’ என்று நகரத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் இந்தத் தேதியையும் கூடவே நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

சரி, இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வருவோம்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமைக்குரிய எண். ஆனால் அந்தப் பெண்கள் எங்கே? ஆயத்த ஆடை, நூற்பு, செல்போன் அசெம்பிளி. கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளிலும் உலைகளிலும் தேடினால் அலுவலகத்தில் ஒருவர், ஆய்வகத்தில் ஒருவர் இருப்பார். மார்ச் 8-ஆம் தேதி அந்த ஒருவருக்கு ரோஜாப்பூ கொடுத்துப் படம் எடுப்பார்கள். ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்தில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிறவரும் அவர்தான்.

அமெரிக்க சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கான்டர் 1977-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு பெரிய நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில், ஆண் கூட்டத்துக்கு நடுவே அங்கொருவர் இங்கொருவராக இருந்த பெண்களைக் கவனித்தார். ஒரு குழுவில் ஒரு வகையினர் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மூன்று விஷயம் நடக்கிறது என்றார். எல்லார் கண்ணும் அவர்கள் மேலேயே இருக்கும். மற்றவர்கள் தங்கள் ஒற்றுமையை இன்னும் அழுத்திக் காட்டுவார்கள். அந்த ஒருவர் வந்ததும் பேச்சு மாறும், சிரிப்பு மாறும். அந்த ஒருவர் அவராக இருக்க முடியாது. ‘பெண்’ என்று அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அச்சுக்குள் போய் நின்றாக வேண்டும், அம்மாவாகவோ தங்கையாகவோ பிடாரியாகவோ. கான்டர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இது அந்தப் பெண்ணின் குணத்தாலும் வருவதில்லை, அந்த ஆண்களின் கெட்ட எண்ணத்தாலும் வருவதில்லை. எண்ணிக்கையே இப்படி ஆக்குகிறது.

இதை நம் சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று இருந்தது. ஒரே ஒரு பெண் இருக்கும் ஆலையில் காப்பகம் வராது. காப்பகம் இல்லாததால் இரண்டாவது பெண் வர யோசிப்பார். இரண்டாவது பெண் வராததால் முப்பத்தொன்றாவது பெண் என்றைக்கும் வர மாட்டார். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் என்று பார்க்காமல் ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று ஆக்கினார்கள். சட்டம் எழுதியவர்களுக்கே முடிச்சு எங்கே என்று புரிந்த இடம் அது. இரவுப் பணி விஷயமும் அப்படித்தான்: பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000 டிசம்பரிலேயே சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் ஷிஃப்டில் ஒரே ஒரு பெண்ணைப் போட எந்த சூப்பர்வைசரும் விரும்ப மாட்டார்; பொறுப்பு யார் ஏற்பது என்பார். ஒருவராக இருப்பதே அவருடைய பதவி உயர்வுக்கும் தடையாகிவிடுகிறது.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே எதிர்ப்பக்கத்து உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கி, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போன பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில். மறுபடி மறுபடி விடுதியில் சொல்லிப் பார்த்துக் கேட்காததால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். விடியும்வரை. ஆலையைத் தற்காலிகமாக மூடினார்கள், ஆப்பிள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வந்தது. அவர்களில் யாரும் எந்த இயக்குநர் குழுவிலும் உறுப்பினர் இல்லை, எந்த ஆண்டறிக்கையிலும் படம் இல்லை. ஆனால் ரோஜாப்பூ வாங்கும் அந்த ஒருவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாததை அவர்கள் ஒரே இரவில் செய்தார்கள்.

இயக்குநர் குழு என்றதும் ஒன்று. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்றது. ‘குறைந்தது ஒன்று’ என்று எழுதினால் நம் ஆட்கள் எப்படிப் படிப்பார்கள்? ‘ஒன்று’ என்று படிப்பார்கள். 2015 ஏப்ரல் கெடு நெருங்க நெருங்க, நிறுவனர்களின் மனைவி, மகள், தங்கை எல்லாரும் இயக்குநர் ஆனார்கள். பிறகு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி முழித்துக்கொண்டு, பெரிய 500 நிறுவனங்களில் அந்தப் பெண் நிறுவனர் குடும்பத்தோடு தொடர்பில்லாத தனி இயக்குநராக இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து விதி போட்டது. ஊராட்சியில் ‘பிரசிடெண்ட் வீட்டுக்காரர்’ என்று ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாரே, அவர்தான் இங்கே கோட்டு சூட்டு போட்டு நிற்கிறார். வித்தியாசம் ஒன்றுதான்: ஆத்துப்பாக்கம் அம்மாளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள், இந்தப் பெண் இயக்குநர்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டு கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

‘உள்ளூர் ஆள்’ என்பதும் இங்கே ஒரு பேருக்கு இடம்தான். பக்கத்துத் தேர்வாய் கண்டிகைக்கு சிப்காட் வந்தபோது மேய்ச்சல் நிலம் போகிறது என்று ஊர் மக்கள் போராடினார்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அங்கே அமைந்த மிஷலின் டயர் ஆலை தொடர்பான அவர்கள் புகார் 2012-இல் பாரிஸ் வரை போனது. நான் எந்த ஒரு ஆலையையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இந்தத் தடத்தில் எந்த கேட்டில் வேண்டுமானாலும் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். உள்ளூர்ப் பையன்கள் செக்யூரிட்டி, தோட்டம், ஹவுஸ்கீப்பிங். கூட்டத்தில் அதிகாரி கேட்டால் ‘உள்ளூரில் இத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கிறோம்’ என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

திரையில் பேருக்கு ஒருவரை வைப்பதில் இரண்டு வகை. ஒன்று, கதாபாத்திரம் அவர்களுடையதாக இருக்கும், வேலை வேறொருவருக்குப் போகும். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் திருநங்கை ஷில்பாவாக விஜய் சேதுபதி நடித்தார். தேசிய விருது கிடைத்தது. நல்ல நடிப்பு, விருதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்தப் படத்துக்கு எட்டு வருஷம் முன்னாலேயே, 2011-இல், ‘நர்த்தகி’ படத்தில் கல்கி சுப்பிரமணியம் என்ற திருநங்கை நாயகியாக நடித்திருந்தார். ‘பேரன்பு’ படத்தில் திருநங்கை அஞ்சலி அமீர் நடித்தார். இவர்களுக்கு அடுத்தடுத்து எத்தனை படம் வந்தது? ‘தர்மதுரை’யில் திருநங்கை ஜீவா வந்தபோது பாராட்டாத விமர்சகர் இல்லை, பாராட்டு வந்த அளவுக்கு வாய்ப்பு வரவில்லை. ‘ஜெய்பீம்’ இருளர் மக்களின் வலியைச் சொன்ன படம். இருளர் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட கதைகள் உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தின் பிரதான இருளர் பாத்திரங்களில் நடித்தவர்கள் இருளர் அல்லர். நடிகர் யாராகவும் நடிக்கலாம், அது நடிப்பின் உரிமை என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு இருளர் இளைஞர் ஐ.டி. கம்பெனி மேனேஜராகவும் நடிக்கலாம் அல்லவா? அந்த உரிமை ஒரு வழிப்பாதையாக மட்டும் இருப்பதுதான் என் சண்டை.

இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. ஒரு கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர்தான் எப்போதும் திரைக்கு வருகிறார் என்றால், அவர் கெட்டவராக வந்தால் கூட்டமே கெட்டதாகிவிடும். 2005 ஜனவரியில் நம் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் பெரியபாளையம் பக்கத்தில் தன் வீட்டிலேயே கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வடநாட்டுக் கும்பல். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளைக் குறிவைத்த கூட்டத்தைப் பிடித்த அந்த வழக்குகளை வைத்து 2017-இல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ வந்தது. நடந்ததை எடுத்தார்கள், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர்கள் எத்தனை ஆயிரம்? அவர்களில் ஒருவரைத் தமிழ்ப் படத்தில் எப்போது பார்த்தீர்கள், கொள்ளைக்காரனாகவோ, பான்பராக் போட்டுக்கொண்டு தப்புத் தமிழ் பேசும் சிரிப்பு ஆளாகவோ இல்லாமல்? பாஸ்கர் சக்தி ‘வடக்கன்’ என்று ஒரு படம் எடுத்தார். தணிக்கை வாரியம் பெயரை மாற்றச் சொல்லி ‘ரயில்’ என்று 2024-இல் வந்தது. நம்மில் எத்தனை பேர் தியேட்டரில் போய்ப் பார்த்தோம் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, தொழிலாளர்கள் ரயிலேறிப் போனார்களே, அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்தது திரையில் பார்த்த அந்த ஒற்றை முகம்தான்.

‘முதல் பெண்’ என்ற பட்டத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. டி.பி.ராஜலட்சுமி 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார். பானுமதி 1953-இல் ‘சண்டிராணி’. சாவித்திரி அறுபதுகளின் கடைசியில் இயக்க வந்தார். பி.ஆர்.விஜயலட்சுமி 1985-இல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். நாற்பது வருஷமாக அந்த ‘முதல்’ என்ற சொல்லையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் அடுத்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்தத் துறையிலும் முதல் ஆளுக்கு விழா எடுக்கும்போது, இரண்டாம் ஆள் எத்தனை வருஷம் கழித்து வந்தார் என்று கேளுங்கள்.

இதற்கு மாறாக நடந்த ஒன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில், புஞ்சரசந்தாங்கல் ஊரில், பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலை. அங்கே ஒரு பெண்ணை மேடையேற்றிப் புரட்சி என்று சொல்லவில்லை. பெண் குழந்தைகளைப் பையன்களோடு சேர்த்து வகுப்பு வகுப்பாகப் பயிற்றுவித்தார்கள். அப்படி வந்த திலகவதி பெண்களை மட்டும் வைத்துத் தனிக் குழுவே கட்டினார். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது வருத்தம்தான். ஆனால் வேஷம் கட்டத் தெரிந்த பெண்கள் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள்.

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. ஒன்றுமே இல்லாததற்கு ஒருவராவது பரவாயில்லை அல்லவா? வரலாற்றில் அப்படி ஒருவராகப் போய்ச் சாதித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1920-இல் சென்னை சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர்களில் ஒடுக்கப்பட்டோருக்கு என்று 5 இடம் வைத்தார்கள். 127 பேர் கொண்ட சபையில் ஐந்து. அப்படிப் போன எம்.சி.ராஜா, நீதிக்கட்சி அரசு கொடுத்த வேலைவாய்ப்புப் பங்கில் தம் மக்களுக்குத் தனிப் பங்கு இல்லையே என்று கேட்டார். பதில் சரியில்லை என்றதும் 1923-இல் கட்சியை விட்டே வெளியேறினார். இரட்டைமலை சீனிவாசனும் ஆர்.வீரையனும் சபைக்குள் நின்று வாதாட, 1924-இல் பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபையில் முதல் பெண். துணைத் தலைவராகவும் ஆனார், தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டம் கொண்டுவந்தார், 1930-இல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். இவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. வெளியே ஒரு இயக்கம், ஒரு சங்கம், ஒரு பத்திரிகை. சபையில் தனியாக இருந்தார்கள், ஊரில் தனியாக இல்லை. நம் ஆலையின் அந்த ஒரு பெண்ணுக்கும், ஊராட்சியின் அந்த ஒரு தலைவருக்கும் வெளியே யார் இருக்கிறார்கள்? தவிர, அவர்கள் சாதித்தார்கள் என்பது அவர்கள் பெருமை. அவர்களைத் தனியாக விட்டவர்களின் நியாயமாக அது ஆகாது. 1962-இல் மார்ட்டின் லூதர் கிங் ‘அடையாளத்துக்கு ஒருவர்’ என்ற போக்கை எதிர்த்தே ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினப் பிள்ளைகள் சிலரை வெள்ளையர் பள்ளியில் சேர்த்துவிட்டு ஒருங்கிணைப்பு நடந்துவிட்டது என்று கணக்கு முடிப்பதை அவர் ஏற்கவில்லை.

எண்ணிக்கையும் போதாது, இடம் கொடுத்தபின் கூடவே வர வேண்டியவை உண்டு. கொச்சி மெட்ரோ 2017-இல் திருநர்களை வேலைக்கு எடுத்தது, உலகமே பாராட்டியது. சில நாளிலேயே பலர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை. நகரத்தில் அவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. லாட்ஜ் வாடகை சம்பளத்தைத் தின்றது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. இருபது தொழிலாளர் உள்ள எந்த நிறுவனத்திலும் அமைக்க வேண்டும். பத்துப் பேருக்கு மிகாமல், நிர்வாகமும் தொழிலாளரும் சம அளவில். ஆலையில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. இருநூறு பேரில் இரண்டு பெண்கள் என்றால் பத்தில் எத்தனை? ஒருவரைப் போட்டாலே சட்டத்துக்கு மேல் செய்துவிட்டோம் என்பார்கள். இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் சொன்னது: ஒரு பெண் இருந்தால் காட்சிப்பொருள், இருவர் இருந்தால் கொஞ்சம் துணை, மூவர் வந்த பிறகுதான் பெண் பேசுகிறாள் என்பது மறந்து என்ன பேசுகிறாள் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். ஆகவே உங்கள் ஆலையில் குழு போடும்போது மூன்று கேளுங்கள்.

மூன்று பெண்களுக்கு எங்கே போவது என்பார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள், பேக்கிங்கில் நிற்கிறவர்கள், ஷெட் கூட்டுகிறவர்கள், ஸ்கிராப் பிரிக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு என்று சொன்ன எண் இருபதாகும், சில ஆலைகளில் நாற்பதாகும். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள் என்று மேலாளர் சொல்வார். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கான்ட்ராக்ட் ஆட்களையும் தற்காலிக ஆட்களையும் அப்ரன்டிஸ்களையும் ஊழியர் என்றுதான் எண்ணுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைத்த உள்புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலை அவர் அலுவலக வாசலிலேயே ஒட்டியிருப்பார். அதைக் காட்டுங்கள். ஒரு சட்டத்துக்கு ஊழியராக இருக்கிறவர் அடுத்த சட்டத்துக்கு எப்படி வெளியாள் ஆனார் என்று அவரிடமே கேளுங்கள். கேள்வியைக் கடிதமாகக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். குழு பற்றிய நோட்டீஸை இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டச் சொல்வதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.